அப்பா அழித்த ஏழு வட்டங்கள்

ஜனவரி இரண்டாம் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, அப்பாவின் இடது மோதிர விரலில் ஊசி குத்தினேன்.

பிப்ரவரியில் மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. அதற்கு மனித ரத்த ஸ்லைடு வேண்டும். ரத்தம் எப்போதும் அப்பாவுடையது. குத்துவதும் சாயம் ஏற்றுவதும் சில ஆண்டுகளாக என் பங்கு. படம் வரைவது அவர் பங்கு. நான் தேனியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வேலை நாளில் இதே காரியத்தை முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்கிறேன்.

ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே தள்ளு. ரத்தம் நாக்கு வடிவத்தில் பரவியது. இப்படியே ஒரு செட். காய்வதற்காக ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்பினால், அப்பாவின் விரலில் இருந்த பஞ்சு முழுக்கச் சிவப்பு.

"நிக்கலையே ஆத்தா" என்றார். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அபிஷா என்ற பெயர் ரேஷன் கார்டுக்கு.

"நெஞ்சுக்குன்னு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்கல்ல, அதுதான். அழுத்திப் பிடிங்க."

அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் கொடுத்தாள். "அப்பனும் மகளும் சேந்து பூராத்தையும் எடுத்துராதீங்க. கறி வாங்கப் போக எனக்கு ஆளு வேணும்."

மூன்று பஞ்சு மாற்றினோம். இருபது நிமிடம் ஆனது. மூன்றே நிமிடத்தில் நின்றிருக்க வேண்டும்.

அப்பா மேசைக்கு வந்தார். கண்ணாடி வைத்து வெளிச்சம் பிடிக்கும் பழைய நுண்ணோக்கி அது. பள்ளியில் கழித்துப் போட்டதை வாங்கி, திருகுகளை எல்லாம் பிரித்துத் துடைத்து ஓட வைத்திருந்தார். ஆயிரம் மடங்கு காட்டும் லென்ஸ் மட்டும் எங்கள் கூடத்தில் ஒதுக்கியது. அதன் ஓரத்தில் பூசணம் படர்ந்திருக்கும். மலையடிவாரத்து ஈரத்தில் எந்த லென்ஸுக்கும் அது வரும்.

இடது கண்ணால் நுண்ணோக்கியில் பார்ப்பார். வலது கண்ணும் திறந்தேயிருக்கும், அது தாளைப் பார்க்கும். கழுத்தைத் தூக்காமல் வரைவார். பென்சில் தாளில் போவதை நான் சாயப் புட்டியை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"ஆத்தா, இங்க வா. ஏழு நிக்குது."

"என்ன ஏழு?"

"வெள்ளணு. ஒரே வட்டத்துக்குள்ள ஏழு. போன வருசம் ஒண்ணத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள கழுத்து ஒடிஞ்சுபோச்சு."

குனிந்து பார்த்தேன். மூன்று வினாடி இருக்கும்.

"தடிப்பா விழுந்துருக்குப்பா. சாயமும் பழசு. லென்சுல வேற பூசணம்."

"பூசணம்னா ஸ்லைட நகத்துனா அது நின்ன எடத்துலதான நிக்கணும். இது கூடவே நகருதே."

நான் சாயப் புட்டியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"சின்னப் புள்ளிகளையும் காணோம். கொத்துக் கொத்தாக் கெடக்குமே. தட்டணு. ஒண்ணு கூட இல்ல. அப்புறம் இதுக உள்ள பாரு, உட்கருவுக்குள்ள வெளிறுனாப்ல ஒரு பொட்டு. நான் பாத்ததே இல்ல."

"அப்பா, நான் ஒரு நாளைக்கு நூறு ஸ்லைடு பாக்குறேன். புத்தகத்துல இருக்கிறபடி ஒண்ணு போடுங்க. ஏழு போட்டா பிள்ளைங்க குழம்பிரும்."

நூறு என்பது பொய். எண்ணுவது இயந்திரம். அது சந்தேகப்படுவதை மட்டும்தான் நாங்கள் கண்ணால் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ.

அப்பா என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "சரி. படிச்சவ சொல்றே" என்று ரப்பரை எடுத்தார். ஏழு வட்டங்களையும் அழித்தார். தூளை ஊதினார். போன ஆண்டுப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்த ஒரே ஒரு வெள்ளணுவைப் பார்த்து வரைந்தார். சுற்றிலும் தட்டணுக்களையும் புள்ளி வைத்தார்.

அன்றிலிருந்து முப்பத்தெட்டாம் நாள் அப்பா இறந்தார்.

*

அப்பா பெயர் யோசேப்பு. தேவாரத்துக்காரர். பத்தாம் வகுப்போடு போடிக்கு வந்து ஒரு ஏலக்காய்க் கடையில் சல்லடை போட்டார். எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர், அதற்குக் கீழே. சல்லடை பிரித்த பிறகு நிறம் பார்த்துக் கண்ணால் பிரிக்க வேண்டும். ஒரு பச்சைக்குள் நான்கு பச்சை இருக்கிறது என்பார். அம்மாவுக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது கடைக்காரர் ஒரே பச்சை என்று காட்டிய இரண்டு புடவைகளை இது வேறு, அது வேறு என்று சண்டை போட்டாராம். அம்மா இன்றும் சொல்வாள். "பச்சையே வேணாம்னு அரக்கு எடுத்துட்டு வந்தேன்."

இருபத்தாறு வயதில் ஒரு பள்ளியில் ஆய்வகப் பணியாளர் வேலை கிடைத்தது. மேசை துடைக்க, புட்டி நிரப்ப, ஸ்லைடு கழுவ. வேலைப் பட்டியலில் இவ்வளவுதான் இருந்தது. அங்கிருந்த தாவரவியல் ஆசிரியருக்குக் கை நடுங்கும். பூசணித் தண்டைக் குறுக்காகச் சீவினால் ஆப்பு ஆப்பாக வரும். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது அப்பா பிளேடை எடுத்தார். கேரட்டை நடுவில் பிளந்து, தண்டை அதற்குள் செருகி, பிளேடை நனைத்து, தன் பக்கமாக ஒரே இழுப்பு. இப்படி இருபது தடவை. எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டார். அதில் இருப்பதே தெரியாத அளவு மெல்லிய ஒன்றைத் தூரிகையால் எடுத்தார். அன்றிலிருந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பள்ளியில் சீவல் எல்லாம் அவர் கைதான். சம்பளப் பட்டியலில் கடைசி வரை பணியாளர்.

மாணவர்கள் அவரை 'அண்ணே' என்பார்கள். 'சார்' என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தேர்வுக்கு முந்தைய நாள் ரெக்கார்டு நோட்டை அவரிடம் ஒரு தடவை காட்டாமல் எவனும் ஆசிரியரிடம் கொடுக்க மாட்டான்.

"கோட்டுக்கு முடி மொளச்சிருக்கு. சவரம் பண்ணிக் கொண்டா." தொட்டுத் தொட்டு இழுத்த கோட்டைக் கண்டால் இப்படிச் சொல்வார். பென்சில் தூக்காமல் ஒரே கோடு. நிழல் தேய்க்கக் கூடாது, அடர்த்தியாக இருந்தால் புள்ளி வை. பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, வலது பக்கமாகப் படுக்கையாகப் போக வேண்டும், முனையில் அம்பு கூடாது. எத்தனை மடங்கு என்று கீழே எழுது. கோடு போட்டால் பெயர் எழுது. பெயர் தெரியாவிட்டால் கோடே போடாதே.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. லென்ஸில் இருப்பதை வரை. நோட்டில் இருப்பதை வரையாதே.

இது எங்கள் ஊரில் லேசான காரியம் இல்லை. ரெக்கார்டு நோட்டு எங்கள் பக்கம் பரம்பரைச் சொத்து. அக்காவுடையது தங்கைக்கு, தங்கையுடையது பக்கத்து வீட்டுக்கு. நுண்ணோக்கியில் கண் வைக்காமலே பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டலாம். ஒரு வருடம் வெங்காயத் தோல் ஸ்லைடில் ஒரு மாணவன் காற்றுக் குமிழியை வரைந்துவிட்டான். கறுத்த விளிம்போடு பெரிய வட்டம், வலது மேல் மூலையில். அதற்கு 'உட்கரு' என்று பெயரும் எழுதினான். அவன் முதல் மதிப்பெண் வாங்குகிற பையன். நோட்டு கை மாறியது. நான்கு ஆண்டு கழித்து அப்பா நோட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தவர், சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் மேசை நீளத்துக்குத் திறந்து வைத்தார். நாற்பத்தொரு நோட்டு. நாற்பத்தொன்றிலும் வலது மேல் மூலையில் அதே குமிழி.

"நாலு வருசமா போடியில எல்லா வெங்காயத்துக்கும் ஒரே எடத்துல காத்து" என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அம்மாவும் நானும் சிரித்தோம்.

ரத்தம் அவருடையது ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு மாணவி விரலில் குத்தியதும் மயங்கி விழுந்து மேசை விளிம்பில் பல்லை உடைத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டிலிருந்து தன் விரலை நீட்டினார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. மலை மேட்டுக்குப் போகிற பாதையில், ஏலத்தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே நுண்ணோக்கி உண்டு, ஸ்லைடு போட ஆள் இல்லை. அருணா டீச்சர் என்பவர் உயிரியல், வேதியியல் இரண்டையும் ஒற்றை ஆளாக நடத்துகிறார். அவருக்காக வருடம் ஒரு செட் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒவ்வொரு வருடமும் ஒரு ஸ்லைடு தனக்கென்று வைத்துக்கொள்வார். ஏலக்காய் மாதிரி போட்டுவைக்கும் தகர டப்பா ஒன்றில், தக்கையைக் கீறிச் செருகி, ஆண்டு எழுதி. கூடவே அந்த ஆண்டு வரைந்த முதல் படம்; பள்ளிக்குக் கொடுப்பது அதைப் பார்த்து அவரே போட்ட நகல். முப்பத்தொரு ஸ்லைடு இருக்கிறது. முப்பதுவரை நான் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கின்றன. படமும் ஸ்லைடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. முப்பத்தொன்றாவதில்தான் படம் ஒன்று சொல்கிறது, ஸ்லைடு வேறு சொல்கிறது.

*

இந்த வருடத்துச் செட்டைக் கொடுக்க அப்பா மேலே பள்ளிக்குப் போன நாளில் நான் கூட இல்லை. ஜீப் ஓட்டும் ஜக்கையன் சொன்னதுதான். காலையில் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப் அது. அப்பாவுக்கு எப்போதும் முன் சீட்.

"அண்ணே, மடியில என்ன, முட்டையா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்லைடுப் பெட்டியை அப்பா இரண்டு கையாலும் பிடித்திருந்தாராம்.

"என் ரத்தம்டா. வளைவுல பாத்து ஓட்டு."

"அம்புட்டுதானா? நான் கூட ஏலக்காயோன்னு பாத்தேன்."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்திருக்கிறார்கள். பள்ளி வாசலில் இறங்கி இருபது படி ஏற வேண்டும். எட்டாவது படியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். வெளுத்துப்போயிருந்தார் என்றார் ஜக்கையன். மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தார். "சளியாண்ணே?" என்று ஜக்கையன் கேட்டதற்கு, "ஆமா" என்று சொல்லிக் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். அந்தச் சட்டையை அம்மா பிறகு துவைத்தாள். பையில் கறை போகவில்லை.

படத்தை அருணா டீச்சர் ஆய்வகச் சுவரில் மாட்டினார். அப்போது அப்பா சொன்னதை டீச்சர் எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னார்.

"பிள்ளைக ஸ்லைடப் பாத்து வரையட்டும் டீச்சர். படத்தப் பாத்து வரைய வேணாம்."

"வருசாவருசம் சொல்றதுதானண்ணே."

"இந்த வருசம் கொஞ்சம் கூடச் சொல்றேன்."

இதற்கு மேல் சொல்லவில்லை. படிச்ச மகள் சொன்னதை எதிர்த்துச் சொல்ல மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். என்னைப் பற்றி ஊரில் பெருமை பேசித் திரிந்தவர்.

*

ஜனவரி கடைசியில் அம்மா அவர் தொடையில் ரத்தம் கட்டிய நீலத் தடத்தைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்.

"எங்க போய் இடிச்சீங்க?"

"இடிக்கலையே."

"இடிக்காம எப்படிக் கன்னும்? கட்டில்ல இடிச்சேன்னாவது சொல்லுங்க, அதுக்கு நாலு அடி போடுறேன்."

பல் துலக்கினால் நுரை சிவப்பாக வந்தது. புது பிரஷ் என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல். நான் அவரைத் தேனிக்குக் கூட்டிப்போய் எங்கள் கூடத்திலேயே ரத்தம் எடுத்தேன். காலை பதினொன்றே முக்கால்.

இயந்திரம் எண்ணைக் காட்டவில்லை. நட்சத்திரக் குறிகள் போட்டது. கண்ணால் பார்க்கச் சொல்கிறது என்று அர்த்தம். நானே ஸ்லைடு போட்டேன். மெல்லியதாக, புதுச் சாயத்தில், நல்ல லென்ஸில்.

லென்ஸில் தெரிந்த முதல் வட்டத்தில் ஏழு. அடுத்ததில் ஒன்பது. பெரிய செல்கள். செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கரு. அதற்குள் வெளிறிய பொட்டு ஒன்று, சிலவற்றில் இரண்டு. தட்டணு ஒன்றுகூட இல்லை.

ஸ்லைடை நகர்த்தினேன். எல்லாம் கூடவே நகர்ந்தன.

இதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. புத்தகத்தில் அல்ல. எங்கள் மேசையில், பென்சிலில், அழிப்பதற்கு முன்னால்.

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்து விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார்.

மதுரையில் பெரிய மருத்துவமனை. ரத்தப் புற்று, வேகமாக வளரும் வகை. முப்பது வருடம் சாயமும் ஃபார்மலினும் மோந்ததால் வந்ததா என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றார் டாக்டர். இரண்டரை வாரம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன்.

"சிகிச்சைய முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். அதுக்கு மேல சொல்ல முடியாது." ஃபைலைப் புரட்டி, "ஏன், முன்னாடியே ஏதாவது டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

இது இரண்டாவது பொய்.

*

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. வார்டில் சேர்த்து நான்காம் நாள். அம்மா கீழே டீ வாங்கப் போயிருந்தாள்.

"அப்பா, அன்னைக்கு நீங்க வரைஞ்ச அந்த ஏழு."

கண்ணை மூடியபடியே இருந்தார். "நகந்துச்சா?"

"நகந்துச்சு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ரத்தம் ஏறிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தேன். சொட்டு எண்ணினேன். அம்மா வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் சொன்னார்.

"அப்ப மேல தொங்குற படம் தப்பு."

என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து அருணா டீச்சர் போன் செய்தார். அப்பாவுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. நான் ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தேன்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க? இங்க செய்முறை முடிஞ்சிருச்சு. உங்க ஸ்லைடு ஜோரா வந்துச்சு. வெளியில இருந்து வந்த சார் கூட யாரு போட்டதுன்னு கேட்டாரு."

"பிள்ளைக நல்லா வரைஞ்சுச்சா?"

"எல்லாம் அச்சு அசலா உங்க படம்தான். ஒருத்திதான் கோளாறு பண்ணிட்டா. மெஹ்ரின்னு, வளைவுல டீக்கடை இருக்குல்ல, அவுக மக. ஏழு வட்டம் போட்டு வச்சிருந்தா. சின்னப் புள்ளியே வைக்கல. மாதிரித் தேர்வுலயே பாத்துட்டேன், நல்லவேளை. சுவத்துல இருக்கிறதப் பாருடின்னு திருத்த வச்சேன்."

அப்பா என் கையைப் பிடித்தார். விரல்கள் சுட்டன.

"அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சு டீச்சர்?"

"'இருக்கு மிஸ், இருக்கு மிஸ்'னு ரெண்டு தடவ சொன்னா. பெறகு அழிச்சுட்டா. கண்ணுல தண்ணி வேற. ரெண்டு மார்க்கு கொறச்சதுக்கு இந்தக் காலத்துப் பிள்ளைக..." டீச்சர் சிரித்தார்.

"டீச்சர், நான் வர்றேன். நேர்ல வர்றேன்."

"நீங்க ஒடம்பப் பாருங்கண்ணே மொதல்ல."

போனை வைத்ததும் நான் சொன்னேன். "நான் இப்பவே கூப்பிட்டு டீச்சர்கிட்ட சொல்லிர்றேன்பா."

"போன்ல சொல்ற சோலி இல்ல இது. படத்த எடுக்கணும். வேற மாட்டணும். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும், 'நீ போட்டதுதான் சரி'ன்னு. இல்லேன்னா இனிமே அவ எதப் பாத்தாலும் சுவத்தப் பாத்துட்டுத்தான் நம்புவா." மூச்சு வாங்கியது. "தாளும் பென்சிலும் கொண்டா. வெரசா."

மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையில் படத்தாள் வாங்கினேன். ஹெச்.பி. பென்சில். பிளேடால் நானே சீவினேன். அவர் வார்டில் உட்கார்ந்து வரைய ஐந்து நாள் எடுத்தது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம். ஸ்லைடு இல்லை, நுண்ணோக்கி இல்லை. கேட்டேன், பார்க்காமல் எப்படி வரைகிறீர்கள் என்று.

"பாத்துட்டேன்ல" என்றார்.

கோடு நடுங்கியிருக்கிறது. ஆனால் முடி முளைக்கவில்லை. சிவப்பணுக்கள் வரிசையாக. நடுவே ஏழு. எங்கள் மேசையில் எந்தெந்த இடத்தில் அழித்தாரோ அதே இடங்களில் ஏழும் இருக்கின்றன. பிறகு நான் டப்பாவோடு இருந்த பழைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ரப்பர் போன தடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டில் மட்டும் மயிரிழை வித்தியாசம்.

கடைசி நாள் பாகம் குறிக்கும் கோடுகள் போட்டார். நான்கு கோடு. வலது பக்கமாக, படுக்கையாக. சிவப்பணு என்று எழுதினார். உட்கரு என்று எழுதினார். உட்கருமணி என்று எழுதினார், அந்த வெளிறிய பொட்டுக்கு. நான்காவது கோடு அந்தப் பெரிய செல்லில் இருந்து கிளம்பியது. பென்சிலை அதன் முனையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு என்ன ஆத்தா?"

எனக்குத் தெரியும். பரீட்சை எழுதியிருக்கிறேன். வாரம் ஒரு தடவையாவது யாரோ ஒருவருடைய அறிக்கையில் தட்டச்சு செய்கிறேன். அந்தப் பெயரை அவர் ரத்தத்துக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்பா."

"கோடு போட்டாச்சு" என்றார். பென்சிலைக் கீழே வைத்தார். "பேரு நீ எழுதிரு. பள்ளிக்கூடத்துக்கு நாம சேந்தே போவம்."

மறுநாள் விடியும்போது மூளைக்குள் ரத்தம் கசிந்தது. அன்று மாலை நாலரை மணிக்கு முடிந்தது.

*

அடக்கத்துக்கு அருணா டீச்சர் வந்திருந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் கடைசியா எங்களுக்குத்தான் ஸ்லைடு போட்டுக் குடுத்தாரு. பத்திரமா வச்சுக்கிருவேன். இனி வர்ற வருசமெல்லாம் அதையே போட்டுக்கிருவோம்" என்றார். தலையாட்டினேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது சொல்லியிருக்கலாம். கூட்டமாக இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஸ்லைடு கெடாது. சாயம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். சுவரில் இருக்கிற படமும் அங்கேயே இருக்கும். அடுத்த வருடம் இன்னொரு செட் பிள்ளைகள் குனிந்து ஏழைப் பார்ப்பார்கள், நிமிர்ந்து ஒன்றை வரைவார்கள். நோட்டுகள் கை மாறும். வெங்காயத்துக் காற்று நான்கு வருடம் நின்றது. இது எத்தனை வருடம் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அதைத் திறந்து வைத்துச் சிரிக்க அப்பா இல்லை.

ஜக்கையனின் ஜீப் காலை ஆறு மணிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. காரியம் முடிந்த மறு வாரத்திலிருந்து வாசலில் வேகம் குறைக்கிறார்.

"வர்றியா ஆத்தா? முன் சீட்டு காலியாத்தான் இருக்கு."

"நாளைக்குண்ணே."

"மூணு வாரமா நாளைக்கா? அந்த டீக்கடைப் பிள்ள வேற கேக்குது. 'ரத்தம் குடுத்த தாத்தாவோட மக வருவாகளா'ன்னு. அதுக்கு என்ன சோலியோ உங்கிட்ட."

எனக்குத் தெரியும் என்ன சோலி என்று. அவளுக்கும் தெரிந்திருக்கும். கண் வைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

போனால் சொல்ல வேண்டும். நீ வரைந்தது சரி. அதை முதலில் வரைந்தவர் அவர். அதை அழிக்கச் சொன்னவள் நான். அதற்கு அவள் ஒன்று கேட்பாள், கேட்கக்கூடிய பிள்ளை: மிஸ் சொன்னதால் நான் அழித்தேன், நீங்கள் ஏன் அழிக்கச் சொன்னீர்கள்?

இன்று மார்ச் இருபத்திரண்டு. இருபத்தைந்தாம் தேதி அவர்களுக்குக் கடைசிப் பரீட்சை. அதன் பிறகு பள்ளிக்கூடம் பூட்டிவிடும். மெஹ்ரினைக் கம்பத்தில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம், மேலே படிக்க.

படத்தாளைச் சுருட்டாமல் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். சுருட்டினால் பென்சில் தேய்ந்துவிடும். கீழே தலைப்பு இருக்கிறது. ஆயிரம் மடங்கு என்று இருக்கிறது. நாள் இருக்கிறது. பென்சிலும் அட்டையோடுதான் இருக்கிறது, அவர் வைத்த மாதிரியே, கூர் மழுங்காமல். நான்காவது கோடு வலது பக்கமாகப் போய் நிற்கிறது. அதன் முனையில் இன்னும் எதுவும் எழுதவில்லை.